டெல்லி பயம் இருக்கட்டும், கீழ்த்தளச் சுவர் எங்கே?

கேள்வி: என் கணவருக்கு டெல்லிக்கு மூன்று வருட மாற்றல். டெல்லி நிலநடுக்க அபாயத்தில் நான்காம் மண்டலம் என்கிறார்கள். இரண்டு குழந்தைகளோடு போகப் பயமாக இருக்கிறது. அவரை மட்டும் அனுப்பலாமா? இங்கே சொந்த வீடு, இரண்டு மாடி. போன வருஷம்தான் கீழ்த்தளச் சுவர்களை எடுத்துவிட்டு இரண்டு கார் நிறுத்த இடம் செய்தோம். நாங்கள் போய்விட்டால் வீட்டைப் பார்த்துக்கொள்ள 76 வயது மாமியார் மாடியில் இருப்பார்.
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: டெல்லிக்கு அப்புறம் வருகிறேன். சுவர்களை எடுத்தோம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எந்த இன்ஜினீயர் பார்த்தார்? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. "பில்லர்தான் தாங்குது, சுவர் சும்மா" என்று மேஸ்திரி சொல்லியிருப்பார். அது பாதி உண்மை. மேலிருந்து இறங்கும் எடையைப் பில்லர் தாங்கும். நிலம் நடுங்கினால் கட்டடம் பக்கவாட்டில் ஆடும். மாடிகள் சுவர்களோடு சேர்ந்து ஒரே பெட்டியாக விறைத்து நிற்க, ஆட்டம் முழுவதும் கீழ்த்தளப் பில்லர்களின் தலையிலும் காலிலும் இறங்கும். அங்கே நிமிர்ந்த கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி நெருக்கமாக இல்லாவிட்டால் கான்கிரீட் நொறுங்கி, கீழ்த்தளம் மடியும்.

சென்னை மூன்றாம் மண்டலம்தானே என்பீர்கள். அகமதாபாத்தும் மூன்றாம் மண்டலம்தான். 2001 ஜனவரி 26 குஜராத் பூஜ் நிலநடுக்கத்தின் மையம் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. ஆனாலும் அந்த நகரில் அடுக்குமாடிகள் பல விழுந்தன. காருக்காகக் கீழ்த்தளத்தைத் திறந்துவிட்டவை அவற்றில் நிறைய. நிலநடுக்கத்துக்கான 2002 இந்தியத் தரநிலைப்படி மண்டலக் காரணி, அதாவது எவ்வளவு கடுமையான ஆட்டத்துக்குக் கட்ட வேண்டும் என்பதற்கான எண், டெல்லிக்கு 0.24, சென்னைக்கு 0.16. ஒன்றரை மடங்கு. சுவரில்லாத கீழ்த்தளம் அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும்.

பிள்ளைகளுக்காக இவ்வளவு கணக்குப் பார்த்த நீங்கள், கணவரைப் பெற்றவரை அந்தப் பில்லர்களின் மேல் காவலுக்கு வைக்கிறீர்கள். 76 வயதில் வீட்டுக்குக் காவல் இருக்க வேண்டியவரா அவர்? எனக்குக் கோபம்தான் வருகிறது.

உடனே கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழையுங்கள். பிளான் போட்டு அப்ரூவல் வாங்கித் தருபவர் போதாது. பழைய கட்டுமான வரைபடத்தைக் கையில் கொடுங்கள். பில்லரின் இரண்டு முனைகளிலும் ரிங் 100 மி.மீ. இடைவெளிக்கு மிகாமல் இருக்க வேண்டும். அதன் நுனி 135 டிகிரிக்கு உள்பக்கம் மடிந்திருக்க வேண்டும். 90 டிகிரியில் மடித்திருந்தால், மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்துவிடும். ஓரிடத்தில் கொத்திப் பார்த்தால்தான் இது தெரியும். துருவையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, அஸ்திவாரத்திலிருந்து எழும் கான்கிரீட் சுவர், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும். ஒரே பக்கம் கட்டினால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். மற்றொன்று பில்லர்களுக்கு ஜாக்கெட்டிங்: சுற்றிலும் 100 மி.மீ. புதுக் கான்கிரீட். கம்பிகள் அஸ்திவாரத்தில் ஊன்றி, தளத்தைத் துளைத்து மேல்மாடிக்குள் போக வேண்டும். பீமுக்குக் கீழேயே நிறுத்தினால் காசு தண்டம். எது பொருந்தும், இரண்டும் வேண்டுமா என்பதை இன்ஜினீயர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். பில்லர்களுக்கு நடுவே அரைச்சுவர் மட்டும் எழுப்பிவிடாதீர்கள். மிச்சமிருக்கும் குட்டைப் பகுதி முதலில் உடையும். ஒரு கார் நிறுத்தும் இடம் போகும். போகட்டும்.

இனி டெல்லி. போங்கள், குடும்பமாகப் போங்கள். மூன்று வருஷம் பிள்ளைகளை அப்பாவிடமிருந்து பிரித்து வைப்பதை நான் ஒப்ப மாட்டேன். யமுனையை ஒட்டிய தளர்ந்த மண் வேண்டாம்; பாறை மேலாக இருக்கும் ரிட்ஜ் குன்றுப் பக்கம் தேடுங்கள். கார் நிறுத்தத்தின் மேல் நாலு மாடி ஏற்றிய 'பில்டர் ஃப்ளோர்' என்றால், கட்டுமான வரைபடத்தைக் காட்டாதவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பீரோவைச் சுவரோடு எல் பிராக்கெட்டால் பிணையுங்கள். கட்டிலை பீரோ விழும் தூரத்துக்கு அப்பால் போடுங்கள்.

பணியில் சேர இரண்டு மாதம் அவகாசம் கேட்டு உங்கள் கணவர் இந்த வாரமே எழுதட்டும். டிக்கெட் போடும்போது மாமியாருக்கும் சேர்த்துப் போடுங்கள்.