சில்க்கிக்குக் குளிரை விட ஈரம்தான் ஆபத்து

ஐப்பசி மழையில் சில்க்கிகள் (பஞ்சு மாதிரி இறகுள்ள கோழி இனம்) நனைந்து நடுங்குகின்றன, கூண்டைத் தார்ப்பாயால் முழுசாக மூடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் நண்பரே. நம் கடலூர்க் குளிரை அவை தாங்கும், ஈரத்தைத் தாங்காது; முழுசாக மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். மற்ற கோழிகளின் இறகில் இழைகள் கொக்கி போட்டுப் பிணைந்திருக்கும், மழை வழிந்துவிடும். சில்க்கிக்கு அந்தக் கொக்கி இல்லை, பஞ்சு மாதிரி, தண்ணீர் நேரே தோலுக்குப் போய்விடும். துண்டால் ஒற்றிவிட்டு வயிற்றடியில் கை விட்டுப் பாருங்கள், மேலே காய்ந்திருந்தாலும் அங்கே சொதசொதவென்று இருக்கும். அது காயும் வரை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். அப்புறம், இவை பறந்து ஏறாமல் தரையிலேயே படுப்பதால் கூண்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த உமி போட்டு, நனைந்ததை அன்றன்றே அள்ளிவிடுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் தார்ப்பாய், மேலே காற்றுக்கு ஒரு சாண் இடம். எச்சத்தில் ரத்தம் கண்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.