வேட்டைக்காரர்கள் சொல்லும் கதைகளில் எவ்வளவு உண்மை? நரிக்கொம்பு நிஜமாகவே இருக்கிறதா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நரிக்குக் கொம்பு கிடையாது. கேட்டிருக்கும் தோரணையைப் பார்த்தால் யாரோ ஒருவர் உங்களிடம் மடியிலிருந்து முடியோடு ஒரு எலும்புத் துண்டை எடுத்துக் காட்டி, "பீரோவில் வைத்தால் பணம் தங்கும்" என்று சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. பாதி நம்பிவிட்டீர்கள், மீதிக்கு இங்கே வந்திருக்கிறீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் போனது போனதுதான். கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். எலும்பின்மேல் ஏதோ ஒரு தோலை இழுத்து ஒட்டிக் காயவைத்த சாமான் அது. கூட்டத்துக்குத் தலைவனாக இருக்கும் நரிக்கு மட்டும்தான் கொம்பு முளைக்கும் என்றும் சொல்லியிருப்பார். அந்தத் தலைவரை இதுவரை யாரும் நேரில் சந்தித்ததில்லை.

சேலம் வாழப்பாடிப் பக்கம் காணும் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்துவந்து அதன் முகத்தில் விழிப்பார்கள், வனத்துறை வந்து அபராதம் போடும். நரி முகத்தில் விழித்தால் நல்லது என்று நம்புகிற நாட்டில் நரிக்கொம்பு விற்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, முதல் கேள்வி. இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. என் தாய்மாமா எங்கள் வட்டாரத்திலேயே பெரிய வேட்டைக்காரர். அதாவது, அவரே அப்படிச் சொல்லிக்கொண்டார்.

இப்போதே ஒன்று: நான் வேட்டையை ஆதரிப்பவன் இல்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே பொழுதுபோக்குக்குச் சுட்டாலும் கறிக்குச் சுட்டாலும் குற்றம்தான், தெரியும். "குற்றவாளியைக் கொண்டாடுகிறீர்களா" என்று கிளம்புகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும்.

எங்கள் ஊர் திண்டுக்கல் மாவட்டம், அய்யலூர் பக்கம். மாமாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது, அவர் அப்பா காலத்தது. கடலைக்காட்டில் பன்றி இறங்கினால் வெடி போட்டு விரட்டுவதற்கு. அதை ஒருமுறை வெடிக்கவைப்பது ஒரு கல்யாண வேலை. குழல் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருட்டித் திணித்து, கம்பியால் இடித்து, மேலே ரவையைப் போட்டு, அது கொட்டாமல் இருக்க மறுபடி நாரை அடைத்து, கேப் வைத்து... அதற்குள் பன்றி பக்கத்துக் காட்டையும் தின்று முடித்திருக்கும். இந்தத் துப்பாக்கியால்தான் மாமா ஒரே ராத்திரியில் "டுமீல் டுமீல் டுமீல்" என்று மூன்று பன்றியைச் சாய்த்தார். நான் ஐந்தாவது படிக்கும்போது அது ஒரு பன்றியாக இருந்தது. அந்தத் துப்பாக்கி வெடித்து நான் பார்த்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் வானத்தைப் பார்த்துத்தான் சுட்டார்.

டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் எழுந்து போக மனசு வராது. செந்நாய் வாலில் மூத்திரத்தை நனைத்து மாட்டின் கண்ணில் அடிக்கும், கண் தெரியாமல் மாடு தடுமாறும்போது கூட்டமாகப் பாயும் என்பார். (இந்தக் கதை மாமாவுடையது மட்டும் இல்லை, காட்டோரம் எங்கே போனாலும் கேட்கலாம். செந்நாய் துரத்தித் துரத்திக் களைக்கவைத்துத்தான் பிடிக்கும், வாலுக்கு அதில் வேலை கிடையாது.) எங்கள் பக்கம் யாரும் பார்க்காத கரடி, மாமாவிடம் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை மல்லுக்கு நிற்கும். பொய் சொல்வதைக் "கரடி விடுவது" என்று யார் சொல்ல ஆரம்பித்தார்களோ, அவருக்கும் ஒரு மாமா இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன், உங்கள் கேள்விக்கு உருப்படியான பதில் இதுதான். வேட்டைக்காரர் கதையில் சின்னச் சின்ன விவரமெல்லாம் சரியாக இருக்கும். காற்று எந்தப் பக்கம் அடித்தால் பன்றிக்கு வாடை போகும், புழுக்கையைப் பார்த்து முயல் எப்போது வந்து போனது, பேட்டரி வெளிச்சத்தில் எந்தக் கண் எந்த உயரத்தில் மின்னும், இதிலெல்லாம் மாமாவைக் குறை சொல்ல முடியாது. அழுங்குக் குட்டி (எறும்புதின்னியை எங்கள் ஊரில் அழுங்கு என்பார்கள்) தாயின் வால்மேல் தொற்றிக்கொண்டு சவாரி செய்யும் என்று அவர் சொன்னபோது நான் சிரித்தேன். பல வருஷம் கழித்து ஒரு படத்தில் பார்த்தேன், அப்படியே உட்கார்ந்திருந்தது. அதையெல்லாம் காட்டில் கிடந்து பார்த்தவர் அவர். "சுட்டேன்" என்கிற ஒரு சொல்தான் பொய்.

அந்த அழுங்கில்தான் வந்தது வினை.

மாமா கதைப்படி, 1996 சித்திரை மாசம், நல்ல நிலா. கிணற்றுமேட்டில் கரையான் புற்றைப் பிராண்டிக்கொண்டிருந்த அழுங்கை அவர் பார்க்கிறார். சுடுகிறார். ரவை செதிலில் பட்டுத் திரும்பி வந்து மாமாவின் காதை உரசிக்கொண்டு போய், பின்னால் நின்ற முயல்மேல் பாய்கிறது. முயல் அவுட். அழுங்கு பந்தாகச் சுருண்டுகொள்கிறது. அதை அப்படியே உருட்டிக்கொண்டு வந்து, செதிலை உரித்துச் சாக்கில் கட்டி டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டார். மெட்ராஸ் பார்ட்டி ஒருவன் விலை கேட்டுக்கொண்டே இருக்கிறான், மாமாதான் இன்னும் ஏறட்டும் என்று காத்திருக்கிறார்.

அழுங்கின் செதிலும் நம் விரல் நகமும் ஒரே பொருள்தான். சுருண்டுகொண்டால் சிறுத்தையே புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், அது உண்மை. ஆனால் பக்கத்தில் நின்று சுட்டால் குண்டைத் திருப்பி அனுப்புகிற வித்தை அதற்குத் தெரியாது.

இதை மாமா டீக்கடையில் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன்.

ஒன்பதாம் வகுப்பு. பக்கத்து பெஞ்ச்காரனுடைய அப்பா துபாயிலிருந்து டேப்ரிக்கார்டர் அனுப்பியிருந்தார், அவன் ஒரு வாரமாக அதையே பேசிக்கொண்டிருந்தான். என்னிடம் என்ன இருந்தது? ஒரு சாக்கு அழுங்குச் செதில் இருந்தது. நான் சொல்லும்போது அது மூன்று சாக்கு ஆனது. அந்தப் பையனின் சித்தப்பா வனத்துறையில் வேலை பார்த்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவன் போய்ச் சொன்னான் என்பதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. டீக்கடையிலேயே நாள் முழுக்கக் கேட்க ஆள் இருந்தது, அங்கிருந்தும் போயிருக்கலாம். அப்படித்தான் போயிருக்கும் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒருநாள் விடிகாலையில் மாமா வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். அத்தையின் முகூர்த்தப் புடவை, வெற்றிலை இடிக்கிற உரல், நாலு பத்திரம், லைசென்ஸ். செதில் இல்லை. இல்லாததுதான் வம்பாகப் போயிற்று. இருந்திருந்தால் பறிமுதல் செய்திருப்பார்கள், இல்லை என்றால் விற்றுவிட்டான் என்றுதானே அர்த்தம்? யாருக்கு விற்றாய், மெட்ராஸ் பார்ட்டி யார், பேர் என்ன? மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ரேஞ்ச் ஆபீஸுக்கு அப்பாவோடு நானும் போனேன். எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை, அவர்கள் மேல் தப்பும் இல்லை. வனவிலங்குச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணை விலங்கு அழுங்கு. இன்றைக்குச் சட்டப்படி 3 முதல் 7 வருஷம் வரை ஜெயில், குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். அந்தத் தகவலைக் கேட்டுவிட்டு அவர்கள் சும்மா இருந்திருந்தால்தான் தப்பு.

மாமா மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "நான் சொன்னது பொய் சார்" என்றார். அதிகாரி, "இங்கே வர்ற எல்லாரும் அதைத்தான்யா சொல்றான்" என்றார். மாமா வாழ்க்கையில் உண்மை பேசியதை முதல்முறையாக ஒருவர் நம்ப மறுக்கிறார். டீக்கடைக்காரர்கள் நாலு பேர் சாட்சிக்கு வந்திருந்தார்கள். அதில் பெரியவர் ஒருவர், "அய்யா, இவன் ஒரு காடையை அடிச்சுக் கொண்டுவந்ததைக் கூட ஊர்ல ஒருத்தனும் பாத்ததில்லை. வாயைத் தொறந்தா கரடிங்க" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். மாமா நிமிர்ந்து அவரைப் பார்த்தாரே ஒரு பார்வை, அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

கடைசியில் காப்பாற்றியது அத்தை. பஸ் பிடித்து வந்து சேர்ந்தவர், சுருக்குப் பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். போலீஸ் ஸ்டேஷன் ரசீது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும், முடிந்த பிறகுதான் திரும்பக் கொடுப்பார்கள். 1996 சித்திரையில் தமிழ்நாட்டில் தேர்தல். பங்குனியில் ஒப்படைத்த துப்பாக்கி வைகாசியில்தான் வீட்டுக்கு வந்தது, ரசீதில் இரண்டு தேதியும் இருந்தன. "அன்னிக்குத் துப்பாக்கி ஸ்டேஷன்ல இருந்துச்சு சார். இவரு திண்ணையில படுத்துக் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தாரு."

அதிகாரி சிரித்துவிட்டார். அறையே சிரித்தது, அப்பா உட்பட. ஒரு வெள்ளைத் தாளில், மேற்படி சம்பவம் முழுவதும் தன் கற்பனை என்று எழுதி மாமாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஜெயிலுக்குப் போயிருந்தால் அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது என்று எனக்குத் தோன்றும். அத்தனை வருஷமும் அந்தச் சித்திரைக் கதைக்கு அத்தை ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ரசீது கையில் இருந்தது, வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் நான் அளந்ததை மாமாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த டீக்கடையில் இன்னொருவர் உட்காருவார். பேசவே மாட்டார், மாமா கதைக்குச் சிரிக்கக்கூட மாட்டார். இடது கையில் மூன்று விரல் இல்லை, தீபாவளி வெடியில் போனது என்பார். பத்து வருஷம் கழித்து அவர் பிடிபட்டபோதுதான் தெரிந்தது, அவுட்டுக்காய். மாவுக்குள் வெடிமருந்தை வைத்துப் பன்றிக்குப் போடுவது, கடித்தால் தாடை சிதறிவிடும். 2020-இல் பாலக்காட்டுப் பக்கம் சூல்கொண்ட யானை ஒன்று வாய் சிதைந்து ஆற்றுக்குள் நின்றே செத்ததே, அந்த மாதிரி சமாச்சாரம்தான். அவர் வீட்டில் கம்பிச் சுருக்கும் ஒரு கட்டு இருந்ததாம். இருபது வருஷம் ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை மனுஷன்.

அதனால் மாமா மாதிரி ஆட்கள் பாவம் செய்யாதவர்கள் என்று சொல்லவரவில்லை. செதிலுக்கு விலை இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது அவர் கதைதானே? மண்ணுளிப் பாம்பு கோடிக்குப் போகும் என்பதும் இப்படி எங்கேயோ ஒரு பெஞ்சில் கிளம்பியதுதான். விஷமில்லாத, எலியைத் தின்கிற பாம்பு. வால் மழுங்கலாக இருப்பதால் இரண்டு தலை என்று பேர். எங்கள் சொந்தத்தில் ஒருவர் அதை வாங்கி விற்கப்போய் நாற்பதாயிரத்தை விட்டார், பாம்பைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. தேவாங்கின் கண்ணில் மை செய்தால் வசியம் என்று சொல்லியே எங்கள் மலையில் அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2022-இல் கடவூர், அய்யலூர் காடுகளில் 11,806 ஹெக்டேரைத் தேவாங்குக்கென்றே சரணாலயமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது. மறு வருஷம் கர்நாடகத்தில் ஒருவர் டிவி நிகழ்ச்சிக்குப் புலிநகம் மாட்டிக்கொண்டு போய்க் கைதானார். வீட்டில் தாத்தா காலத்து நகம் இருந்தால், அசலோ மாட்டுக் கொம்பில் செய்த போலியோ, பந்தாவுக்காக வெளியே காட்டாதீர்கள்.

பன்றி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். மாமாவின் துப்பாக்கியை எப்போதோ ஒப்படைத்தாகிவிட்டது. அதே காட்டில் இப்போது நான் மக்காச்சோளம் போடுகிறேன், போன வருஷம் ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போய்விட்டன. நிவாரணத்துக்கு மனு கொடுத்தேன். முதல் தடவை போட்டோ இல்லை என்றார்கள், இரண்டாம் தடவை போட்டோவில் பன்றி இல்லை என்றார்கள். பன்றியை நிற்கவைத்தா படம் எடுக்க முடியும்? 2025 ஜனவரியில் ஒரு அரசாணை வந்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் வந்தால் வனத்துறையே சுடலாம். என் காடு ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறது. பன்றியிடம் இன்னும் ஒன்றரை தள்ளி வரச் சொல்ல வேண்டும். மாமா இருந்திருந்தால்... இருக்கிறார், எழுபத்தாறு வயசு, சரியாகக் காது கேட்காது, அவ்வளவுதான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு மாசம் மாமா டீக்கடைப் பக்கமே போகவில்லை. அடுத்த தைப்பொங்கலுக்கு நாங்கள் போனபோது திண்ணையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் மாமா. "மூணு ஜீப்புடா. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, நடுவுல என்னை வச்சு..." அத்தை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

பின்சேர்க்கை: இதை எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரிதானாம், ஜீப் மட்டும் வரவில்லையாம். ஃபாரஸ்ட் கார்டு ஒருத்தர் டிவிஎஸ் 50-இல் வந்தாராம், மாமாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனாராம். எனக்கு ஜீப் வந்து நின்ற சத்தம் நன்றாக நினைவிருக்கிறது. மேலே எழுதியதை அப்படியே விட்டிருக்கிறேன்.