எழுதக் கூடாத பக்கத்தில் எழுத முடிவது ஏன்?

கேள்வி: 64 பிட் எக்ஸ்86 ப்ராசசருக்குச் சொந்தமாக ஒரு சிறிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதி வருகிறேன். கோட் இருக்கும் நினைவகப் பக்கங்களைப் 'படிக்க மட்டும்' என்று மாற்றிய பிறகும், கெர்னல் அங்கே எழுதினால் பேஜ் ஃபால்ட் (அனுமதி மீறலுக்கு ப்ராசசர் எழுப்பும் பிழை) வருவதில்லையே?

பதில்: முதலில் ப்ராசசரின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரான சிஆர்0-வின் 16-வது பிட்டைப் பாருங்கள். டபிள்யூபி (எழுதுவதைத் தடுப்பது) எனப்படும் அது 0 ஆக இருந்தால், படிக்க மட்டுமேயான பக்கத்திலும் கெர்னல் எழுதலாம். யூசர் புரோகிராமைத்தான் ப்ராசசர் தடுக்கும். பூட் ஆகும்போதே அதை 1 ஆக்கிவிடுங்கள்.

அது சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் டிஎல்பி மீது, அதாவது முகவரி மாற்றங்களை ப்ராசசர் நினைவில் வைத்திருக்கும் கேஷ் மீது. பேஜ் டேபிளை (பக்கங்களின் முகவரியும் அனுமதியும் உள்ள அட்டவணையை) மாற்றினாலும் பழைய அனுமதி அதில் தங்கியிருக்கும். மாற்றிய முகவரிக்கு, டிஎல்பி பதிவை அழிக்கும் இன்வல்பிஜி கட்டளை கொடுங்கள். அது ஓடுகிற கோரில் மட்டுமே பலிக்கும். மற்ற கோர்களுக்கு ஐபிஐ (கோர்களுக்கு இடையிலான இன்டரப்ட்) அனுப்பி, அவையும் அழித்துவிட்டதாகப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காவிட்டால், நூறு முறை சரியாக ஓடிவிட்டு ஒருமுறை மட்டும் தலைகாட்டும் பிழையாகிவிடும். அதைப் பிடிப்பது பெரும்பாடு. 'குளோபல்' பிட் போட்ட பக்கங்கள், பேஜ் டேபிளின் இருப்பிடத்தைக் காட்டும் சிஆர்3-ஐ மறுபடி ஏற்றினாலும் டிஎல்பியை விட்டுப் போகா.

இரண்டும் சரியென்றால், அதே நினைவகப் பக்கம் வேறொரு முகவரியிலும் எழுதும் அனுமதியோடு மேப் ஆகியிருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறான சிக்கல். எழுதும் அனுமதி கொடுத்த பக்கத்தில் பேஜ் ஃபால்ட். பிழைக் குறியீடு 3.

பதில்: 3 என்றால் பக்கம் இருக்கிறது, கெர்னல் எழுத முயன்றது, அனுமதி இல்லை என்று பொருள். யூசர் புரோகிராம் எழுதியிருந்தால் 7 வந்திருக்கும். சிஆர்2-வில் உள்ள, ஃபால்ட் ஏற்பட்ட முகவரியை எடுத்துக்கொண்டு, பேஜ் டேபிளின் நான்கு நிலைகளையும் அச்சிட்டுப் பாருங்கள். எழுத வேண்டுமானால் நான்கிலும் பிட் எண் 1 (எழுதும் அனுமதி) போட்டிருக்க வேண்டும். கடைசி நிலையில் மட்டும் போட்டால் போதாது. பக்கத்தில் உள்ளதைக் கோடாக ஓடவிடாத இயக்கத் தடைக்கு, அதாவது 63-வது பிட்டுக்கு, ஏதேனும் ஒரு நிலையில் இருந்தாலே போதும். மேல் நிலைகளில் எழுதும் அனுமதியைத் திறந்துவிட்டு, கட்டுப்பாட்டைக் கடைசி நிலையில் வைப்பதே நல்லது.

2 எம்பி பெரிய பக்கத்துக்குள் 4 கேபிக்கு மட்டும் அனுமதியை மாற்ற, அதை 512 பதிவுகளாகப் பிரித்தாக வேண்டும். அப்போது பிட் 7-ஐ அப்படியே நகலெடுத்துவிடாதீர்கள். பெரிய பக்கத்தில் அது அளவைக் குறிக்கும். சிறிய பக்கத்தில் அதுவே பிஏடி எனும் பிட், பக்கத்தை எப்படி கேஷ் செய்வது என்பதையே மாற்றிவிடும்.

பிழைக் குறியீடு 9 (பேஜ் டேபிளில் போடக் கூடாத பிட் இருப்பதைக் குறிப்பது) வந்தால், இஎஃப்இஆர் எனும் ரெஜிஸ்டரில் இயக்கத் தடையை அனுமதிக்கும் 11-வது பிட்டை இயக்காமலே 63-வது பிட்டைப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஃபால்ட் போக வேண்டும் என்பதற்காக எல்லா அனுமதிகளையும் திறந்துவிடுவது தீர்வே அல்ல. பிழை அப்படியே இருக்கும், பாதுகாப்புதான் போகும்.

கேள்வி: லினக்ஸ் மாட்யூலில், பக்கங்களைப் படிக்க மட்டும் என்று மாற்றும் செட்_மெமரி_ஆர்ஓ ஃபங்ஷனை அழைத்தேன், தேவைக்கு மேல் பல பக்கங்கள் பூட்டப்பட்டுவிட்டன.

பதில்: அதற்குக் கொடுக்கும் இரண்டாவது மதிப்பு பைட் கணக்கு அல்ல, பக்கக் கணக்கு. 8192 பைட்டுக்கு 2 என்று கொடுங்கள். முகவரியும் பக்க எல்லையில் தொடங்க வேண்டும். திரும்பி வரும் மதிப்பு 0 தானா என்று ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.