வெட்டுவதற்கு முன் மடித்துப் பாருங்கள்

சாரல் தொடங்கிவிட்டால் நம் பக்கத்துக் கடிதங்களில் குடை, செருப்பு, காயாத துணி என்றுதான் வரும். இந்த முறை ஜீன்ஸ் காலை மடிப்பது பற்றியே நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள், அதில் ஒன்று மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அதனால் இந்த வாரம் முழுக்க அதற்கே.

கே: அக்கா, என் உயரம் 5 அடி 4 அங்குலம். இடுப்பு 30 எடுத்தால் கால் நீளம் 32தான் கடையில் இருக்கிறது. போட்டால் குதிகாலுக்குக் கீழே போய்த் தரையைக் கூட்டுகிறது. டெய்லர் அண்ணாச்சி வெட்டித் தைத்துத் தருகிறேன் என்கிறார், நண்பன் மடித்துப் போடு என்கிறான். மடித்தால் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே என்று நிற்கிறது. என்ன செய்ய?
– கல்லூரி மாணவர், செங்கோட்டை

ப: தம்பி, புது ஜீன்ஸை வாங்கிய அன்றே வெட்டக் கொடுக்காதீர்கள். நான் அப்படிக் கொடுத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஆசையாக எடுத்த பேன்ட், வெட்டித் தைத்து வந்த அன்று கச்சிதமாக இருந்தது, இரண்டு தடவை துவைத்துக் காயப்போட்டதும் கரண்டைக்கு மேலே ஏறிவிட்டது, அப்புறம் அதை இழுத்து நீட்டவா முடியும்? பருத்தி சுருங்கும். ஆலையிலேயே சுருக்கி அனுப்பிய டெனிம்கூட 3 சதவீதம் வரை சுருங்கலாம், 32 அங்குலக் காலில் அது கிட்டத்தட்ட ஒரு அங்குலம். அப்படிச் சுருக்காத துணி என்றால் 10 சதவீதம்கூடப் போகும். அதனால் இரண்டு மூன்று சலவை முடியும்வரை மடித்துத்தான் போட வேண்டும். அதற்குப் பிறகும் மூன்று அங்குலத்துக்கு மேல் மிச்சம் இருந்தால், மடிக்க இரண்டு அங்குலம் விட்டுவிட்டு மீதியை மட்டும் அண்ணாச்சியிடம் வெட்டச் சொல்லுங்கள்.

இப்போது மடிப்புக்கு வருவோம். குனிந்துகொண்டு மடிப்பதால்தான் கால் ஏறி இறங்குகிறது, ஏனென்றால் குனிந்த நேரத்தில் பேன்ட் பின்பக்கம் மேலே இழுத்துக்கொள்ளும், நிமிர்ந்ததும் வேறு இடத்தில் வந்து நிற்கும். எந்தச் செருப்பு, எந்த ஷூ போடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். வீட்டில் யாரையாவது தரையிலிருந்து ஸ்கேல் வைத்து, கணுக்கால் எலும்புக்கு நேராக, இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். கழற்றிக் கட்டிலில் விரித்து, அடி விளிம்பை ஒரு அங்குலம் மடியுங்கள், அதே அகலத்தில் இன்னொரு முறை. மடிப்பு அந்தக் கோட்டிலிருந்து இரண்டு காலிலும் ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடித்தையல் அரை அங்குலம்தான் இருக்கும், அது முழுதாக மடிப்புக்குள் போய்விட வேண்டும். இரண்டு மடிப்பில் இரண்டு அங்குலம் குறைந்துவிடும். உங்கள் உயரத்துக்கு ஒவ்வொரு மடிப்பும் ஒரு அங்குலம் போதும், அகலமாக மடித்தால் கால் இன்னும் குட்டையாகத் தெரியும்.

உள்தையலில் பெருவிரலை வைத்து அழுத்தி, அப்படியே வெளித்தையல் வரை நீவிக்கொண்டு போங்கள், தையல் மேல் தையல் உட்கார்ந்தால் மடிப்பு முறுக்காது. அந்த இடத்தில் துணி அடுக்கடுக்காகச் சேர்ந்து திண்டு மாதிரி நிற்கும். டெய்லர் கடையில் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் மிஷினில் ஓட்டுவார்கள், வீட்டிலும் அதையே செய்யலாம். சில ஜீன்ஸில் துவைக்கத் துவைக்க வெளித்தையலே முன்பக்கம் திரும்பி வரும். டெனிம் சாய்கோடாக நெய்த துணி, அந்தச் சாய்வுதான் காலைத் திருப்புகிறது. அப்படிப்பட்ட பேன்ட்டில் தையலைப் பார்க்காதீர்கள், தரை அளவை மட்டும் பாருங்கள்.

கே: புளியரையில் இருந்து தினமும் புனலூருக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். கால் அகலமான ஜீன்ஸ்தான் வசதி. மடித்துவிட்டால் பஸ் ஏறுவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது, ஜூன், ஜூலையில் சேறு வேறு. மடிக்காமலே விட்டுவிடட்டுமா?
– வாசகி, புளியரை

ப: விட வேண்டாம்மா, இரண்டு வகையாக வைத்துக்கொள்ளுங்கள். நடக்கிற நேரத்துக்கு இறுக்கு மடிப்பு: உள்தையல் பக்கம் கொசுவம் பிடிக்கிற மாதிரி ஒரு பிடித் துணியைச் சேர்த்துப் பிடித்து, அதைப் பின்பக்கமாக மடக்கிக் கணுக்காலோடு ஒட்டவைத்து, அந்தப் பிடியை விடாமல் கீழிருந்து இரண்டு சுற்று சுருட்டுங்கள். அகலமான கால் ஒடுங்கிவிடும், சேறு தெறித்தாலும் அந்த ஒரு சுற்றோடு நின்றுவிடும். வேலை இடத்துக்குப் போனதும் அவிழ்த்துவிட்டு, இரண்டு, இரண்டரை அங்குலத்தில் அகலமாக ஒரே ஒரு மடிப்பு. அகலக் காலுக்கு அதுதான் பார்க்க நன்றாக இருக்கும், சின்னச் சின்னதாக இரண்டு மூன்று சுற்று சுற்றினால் வளையம் மாட்டிய மாதிரி தெரியும்.

அவிழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் துணிதான். உள்ளே இருக்கிற லேபிளைப் பாருங்கள், எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ், லைக்ரா இதில் எது எழுதியிருந்தாலும் அது ரப்பர் மாதிரி பழைய நிலைக்கே இழுக்கிற நூல், மடிப்பு நிற்காது. மடித்துத் தண்ணீர் தெளித்து அயர்ன் பண்ணிவிட்டு, உள்தையலில் ஒன்று வெளித்தையலில் ஒன்று, நீல நூலில் கையால் இரண்டே தையல் போடுங்கள், மடிப்பின் உள் அடுக்கில் மட்டும் ஊசி ஏறினால் போதும், வெளியே தெரியாது. துவைக்கும் முன் அந்த நூலை வெட்டி மடிப்பை அவிழ்த்துவிட வேண்டும், இதை மட்டும் மறக்காதீர்கள். மடிப்புக்குள் மண்ணும் பஞ்சும் சேர்ந்து கிடக்கும், அப்படியே ஊறவைத்தால் அந்த விளிம்பு தேய்ந்து வெள்ளைக் கோடு விழுந்துவிடும். நீலச்சாயம் நூலின் மேல்தோலில் மட்டும்தான் பிடித்திருக்கிறது, நடுவில் நூல் வெள்ளை, அதனால் தேய்கிற இடமெல்லாம் வெளுக்கும்.

ஆரியங்காவு பாலருவிப் பக்கம் மழையில் போவதாக இருந்தால் மட்டும் மடிக்கவே வேண்டாம். காலை முழுசாக இறக்கி சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள், அட்டை ஏறுகிற காடு அது.

கே: மாமனார் வீடு கொல்லம் பக்கம். நான் ஜீன்ஸை மடித்துவிட்டுக்கொண்டு போனால், பெரியவர்கள் முன்னால் மடித்துக் கட்டின வேட்டியோடு நிற்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். அவர் சொல்வது சரியா?
– புது மாப்பிள்ளை, தென்காசி

ப: அவர் எங்கிருந்து பேசுகிறார் என்று எனக்குப் புரிகிறது, உங்களுக்கும் புரிந்திருக்கும். நம் ஊரிலும் சரி, அங்கேயும் சரி, முட்டிவரை மடித்துக் கட்டியவர் எதிரே பெரியவர் வந்தால் கையால் ஒரு தட்டு தட்டி வேட்டியை இறக்கிவிடுவார். அது வாயால் சொல்லாத வணக்கம், அதைப் பார்த்தே வளர்ந்த மனிதருக்குக் காலில் எந்த மடிப்பைப் பார்த்தாலும் அதுதான் ஞாபகம் வரும். ஜீன்ஸ் மடிப்பு அப்படி இல்லை, கணுக்காலுக்கு மேலே ஏறாத ஒரு அங்குல மடிப்பில் எந்த மரியாதைக் குறைவும் கிடையாது. ஆனாலும் அந்த வீட்டுக்குப் போகும்போது மடிப்பை உள்பக்கமாகத் திருப்பிவிடுங்கள். வெளியே தெரியாது, நீளமும் சரியாக நிற்கும், அவருக்கும் மனம் நிறையும். கோயிலுக்குக் கூட்டிப்போனால் இந்தப் பேச்சே வராது, திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலைப் போல அங்கே பல கோயில்களில் ஆண்களுக்கு வேட்டிதான்.

கே: வயது 52. மகன் எடுத்துக் கொடுத்த ஜீன்ஸை மடித்தால் உள்ளே ஓரத்தில் வெள்ளைப் பட்டையும் சிவப்புக் கோடும் தெரிகிறது. தையல் பிசகா? இந்த வயதில் மடித்துப் போடலாமா?
– வாசகர், புனலூர்

ப: பிசகு இல்லை சார், மகன் நல்ல துணியாகப் பார்த்து எடுத்திருக்கிறார். அது துணியின் கரை. குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற பழைய வகைத் தறியில் குறுகலாக, 30 அங்குல அகலத்தை ஒட்டி நெய்த டெனிமில், அந்தக் குறுக்கு நூல் ஓரத்தில் திரும்பித் திரும்பி வருவதால் விளிம்பு தானாகவே கட்டிக்கொள்ளும், பிரியாது. சங்கரன்கோவில் பக்கம் தறி வைத்திருப்பவர்களிடம் காட்டினால் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள், நம் வேட்டிக்கரை உருவாவதும் அப்படித்தான். அந்தக் கரையை வெளித்தையலில் வரும்படி வைத்துத் தைப்பார்கள், மடித்தால் மட்டும்தான் கண்ணில் படும். தாராளமாக மடியுங்கள், ஒன்றரை அங்குலத்தில் ஒரே மடிப்பு, இந்த வகைத் துணி பெரும்பாலும் கனமாக இருக்கும், இரண்டாவது சுற்று சுற்றினால் தடித்துக் காலில் இடிக்கும். ஸ்கூட்டர், பைக் ஓட்டுவதாக இருந்தால் மடிப்பைத் தளர்வாக விடாதீர்கள், தொங்கினால் பிரேக் பெடலிலும் கிக்கரிலும் மாட்டும்.