வாசகர் கேள்வி–பதில்: நிலத்தில் உழைப்பவர் பெயர் பத்திரத்தில் இல்லாதபோது

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டோங்காட் அருகே எங்களுக்குச் சிறிய கரும்புத் தோட்டமும், அதையொட்டி மிளகாய், மதும்பிக் கிழங்கு (சேப்பங்கிழங்கு), கறிவேப்பிலை பயிரிடும் நிலமும் உள்ளன. என் கணவர் உயில் எழுதாமல் அண்மையில் காலமாகிவிட்டார். எங்கள் திருமணம் கோயிலில் முறைப்படி நடந்தது. அரசுப் பதிவு செய்யவில்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பதிவில்லாத மனைவிக்கு உரிமை இல்லை என்றும், நிலம் தங்களுக்கே வரும் என்றும் கணவரின் அண்ணன்மார் சொல்கிறார்கள். நட்டதும் களையெடுத்ததும் ஆட்களுக்குக் கூலி கொடுத்ததும் நான்தான். எனக்கு என்ன வழி?
– ஒரு வாசகி, டோங்காட்

பதில்: அம்மா, அவர்கள் சொல்வது சட்டப்படி சரியன்று. இந்து முறைப்படி மணந்து, அரசுப் பதிவு செய்யாமல் வாழ்ந்த மனைவியையும் வாழ்க்கைத் துணையாகவே கொள்ள வேண்டும் என்று, உயிலில்லாச் சொத்துரிமையைக் குறித்த 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தை விளக்கி, டர்பன் உயர் நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்துள்ளது. அந்தச் சட்டத்தின்படி மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்போது இறந்தவரின் உடன்பிறந்தாருக்குப் பங்கே கிடையாது. உங்களையும் இரு மகள்களையும் சேர்த்துச் சொத்து மூன்று சம பங்காகும்; அந்த மூன்றில் ஒரு பங்கு 250,000 ரேண்டுக்குக் குறைவாக இருந்தால், முதலில் அந்தத் தொகை உங்களுக்கு, மீதிதான் பிள்ளைகளுக்கு. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடு இந்தச் சட்டத்தில் இல்லை.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது, கணவரின் மறைவை இறந்தவர்களின் சொத்து நிர்வாகத்தை மேற்பார்வையிடும், உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் முறைப்படி அறிவிப்பதாகும். இதற்குச் சட்டம் தரும் காலம் பதினான்கு நாள். அது கடந்திருந்தாலும் தயங்காமல் செல்லுங்கள். கோயிலில் நடந்த திருமணத்துக்குச் சான்றாகக் கோயில் ஏடு, அழைப்பிதழ், புகைப்படம், சடங்கு நடத்திய ஐயரின் எழுத்து வாக்குமூலம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைத் திரட்டிக்கொள்ளுங்கள். கணவரின் வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்பதால், ஆலையிலிருந்து வரும் கரும்புப் பணமும் அங்கேயே தங்கிவிடக்கூடும். ஆகவே சொத்தை நிர்வகிக்கும் அதிகாரக் கடிதம் உங்கள் பெயரில் கிடைப்பதற்கு முன்னுரிமை கொடுங்கள். கடிதம் கைக்கு வந்ததும் ஆலையில் பதிவுபெற்ற விவசாயியின் பெயரை மாற்றக் கேளுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் அரசின் சட்ட உதவி அலுவலகம் உண்டு.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. விவசாய நிலத்தை அமைச்சரின் ஒப்புதலின்றித் துண்டாடுவதை 1970-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்ததால், பல குடும்பங்களில் நிலம் முழுவதையும் ஓர் ஆணின் பெயருக்கு எழுதிவிட்டு, பெண்களிடம் விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. துக்க வீட்டில், உறவு கெட்டுவிடுமே என்ற அச்சத்தில், எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.

மகள்களின் திருமணத்தைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள் என்று இங்கேயே வேண்டிக்கொள்கிறேன். பதிவான திருமணத்தில், வேறு ஒப்பந்தம் எழுதப்படாவிட்டால், சொத்தில் பாதி தொடக்கத்திலிருந்தே மனைவியுடையது. அவருடைய எழுத்து ஒப்புதலின்றி நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கணவரால் இயலாது. உங்கள் திருமணம் பதிவாகாததால் வாரிசுரிமை கிடைத்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போயிற்று. 1961-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்ற ஐயர் சடங்கை நடத்தினால், பதிவும் அவர் வழியாகவே முடிந்துவிடும்.

கேள்வி: எங்கள் கரும்பு விவசாயிகள் சங்கத்தில் பெண்களும் பங்கெடுக்க வேண்டும் என்று விரும்புகிறோம், அழைத்தாலும் வருவதில்லை. அவர்களுக்கு ஆர்வமில்லை என்று மூத்த உறுப்பினர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– சங்கச் செயலாளர் ஒருவர், ஸ்டாங்கர்

பதில்: ஐயா, அழைப்புக் கடிதம் யார் பெயருக்குப் போகிறது என்பதை முதலில் பாருங்கள். நிலப் பத்திரம் உள்ளவரே உறுப்பினர் என்று விதி இருந்தால், பெண்களை நீங்கள் அழைக்கவே இல்லை என்றுதான் பொருள். தென்னாப்பிரிக்க அரசின் 2017-ஆம் ஆண்டு நிலத் தணிக்கையின்படி, தனிநபர்களுக்குச் சொந்தமான விவசாய நிலத்தில் ஆண்களிடம் 72 விழுக்காடும் பெண்களிடம் 13 விழுக்காடும் இருந்தன. பத்திரத்தை அளவுகோலாகக் கொள்ளும் சங்கம் இந்த ஏற்றத்தாழ்வைத் தன் உறுப்பினர் பட்டியலிலும் எழுதிவைத்துக்கொள்கிறது.

இதன் வேர் ஆழமானது. 1860 முதல் நம் பகுதியான நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் பெண்களுக்கு ஆணின் கூலியில் பாதியே கொடுத்தார்கள். ஆனால் ஒப்பந்தம் முடிந்தும் இங்கே தங்கியவர்கள் மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த மூன்று பவுன் வரியைப் பெண்ணும் முழுதாகச் செலுத்த வேண்டியிருந்தது. அந்த வரி 1914-இல் ஒழிந்தது. அதை ஒழிக்க 1913-இல் நடந்த வேலைநிறுத்தத்தைத் தூண்டியவர்களில் டிரான்ஸ்வாலிலிருந்து நியூகாசல் சுரங்கங்களுக்குச் சென்ற தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். அந்தப் பெண்களின் பேத்திகளுக்குப் பொதுக்காரியத்தில் ஆர்வமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

உறுப்பினர் பதிவைக் குடும்பத்தின் பேரில் மாற்றி, கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி வாக்கும் இருவர் கைபேசிக்கும் செய்தியும் கிடைக்கச் செய்யுங்கள். மாலையில் அடுப்பு வேலை நடக்கும் நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நீளும் அரைவைக் காலத்தில் பெரிய முடிவுகளை எடுக்காதீர்கள். கரும்புத் தண்டைத் துளைக்கும் எல்டானாப் புழுவின் கழிவு தண்டோரம் உதிர்ந்து கிடப்பதைக் களையெடுப்பவரே முதலில் காண்கிறார். ஆனால் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கு அவருடைய கணவரை அனுப்புகிறோம். மவுண்ட் எட்ஜ்கும்பில் 1925 முதல் இயங்கும் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் வல்லுநர்களை வரவழைத்து, பயிற்சியைத் தோட்டத்திலேயே, பெண்கள் வேலை செய்யும் காலை நேரத்தில் நடத்தக் கேளுங்கள்.

உங்கள் பகுதியில் கரும்பு பயிரிடும் ஜூலுப் பெண்களையும் மறவாதீர்கள். மூத்த ஆணுக்கே சொத்து என்ற வழக்காற்று விதியை அரசியலமைப்பு நீதிமன்றம் 2004-இல் செல்லாததாக்கியது. ஆயினும் ஊர்த்தலைவர் முன் பெண்ணின் பெயரைப் பதிய வைப்பது இன்றும் எளிதாக இல்லை. கணவனை இழந்தவரின் பெயரைச் சங்கம் தன் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டால், ஊரில் அவர் கேட்கும் உரிமைக்கும் அது வலுச்சேர்க்கும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் களையெடுக்கும் பெண்களுக்கு, கரும்பு வெட்டும் ஆண்களைவிடக் குறைவாகக் கொடுப்பது வழக்கம். இது சட்டப்படி சரியா?
– வாசகர், வெருலம்

பதில்: தேசியக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது. அது 2019-இல் நடைமுறைக்கு வந்தபோது மணிக்கு 20 ரேண்டாகவும் பண்ணைத் தொழிலாளருக்கு மட்டும் 18 ரேண்டாகவும் இருந்தது. 2021 மார்ச் முதல் அந்த வேறுபாடு நீங்கி, இருசாராருக்கும் 21.69 ரேண்டாயிற்று. பின்னர் அது உயர்த்தப்பட்டுவருவதால் இந்த ஆண்டின் தொகையைக் கேட்டறிந்து கொடுங்கள். அதற்கு மேலே கொடுக்கும்போதும், சம மதிப்புள்ள வேலைக்குப் பெண் என்ற காரணத்தால் குறைத்துக் கொடுப்பதை 2014 முதல் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. வெட்டும் வேலைக்கு டன் கணக்கில் கூடுதல் தருவது நியாயமாக இருக்கலாம்; ஆனால் வெட்டும் வேலையைப் பெண் கேட்டால் மறுக்காதீர்கள். பாதிக்கப்பட்ட பெண் ஆறு மாதங்களுக்குள் தொழில் தகராறு சமரச ஆணையத்தில் கட்டணமின்றி முறையிடலாம் என்பதையும் உங்கள் ஆட்களிடம் நீங்களே சொல்லிவையுங்கள்.