மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் பெண் ஆசிரியர்களின் பங்கு உண்மையிலேயே கூடியிருக்கிறதா?

கூடியிருக்கிறது, ஆனால் பெயர்ப் பட்டியலின் எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

மருத்துவக் கட்டுரையில் முதற்பெயர் பெரும்பாலும் ஆய்வைச் செய்து எழுதிய இளையவருடையது. கடைசிப் பெயர், ஆய்வை வழிநடத்திய மூத்தவருடையது. மருத்துவக் கல்லூரி நூலகத்தில் நான் பணியாற்றியபோது, பதவி உயர்வுக்குக் கட்டுரைப் பட்டியல் தயாரிக்க வந்தவர்கள் முதலில் எண்ணியது இவ்விரு இடங்களைத்தான். நடுவில் நின்ற பெயர்களை அவர்களே பொருட்படுத்தியதில்லை.

ரேஷ்மா ஜக்சியும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட ஆய்வு, ஆறு முன்னணி இதழ்களில் எழுதிய அமெரிக்க மருத்துவர்களைக் கணக்கெடுத்தது. 1970இல் முதல் ஆசிரியர்களில் 5.9 விழுக்காட்டினரே பெண்கள். 2004இல் அது 29.3 ஆனது. கடைசி ஆசிரியர்களிலோ 3.7இலிருந்து 19.3 வரைதான் ஏறியது. துறைவாரியாகப் பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது: குழந்தை மருத்துவ இதழில் கடைசி ஆசிரியர்களில் பெண்கள் 38 விழுக்காட்டை எட்டிய அதே 2004இல், அறுவை மருத்துவ இதழில் 6.7 விழுக்காடே இருந்தனர். பெண்களின் உடலையே பாடமாகக் கொண்ட மகப்பேறு, மகளிர் நோயியல் இதழிலும் கடைசி இடம் 28 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இதற்குக் காலத் தாமதமே காரணம் என்பார்கள். 1970இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் பெண்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கினர். மாணவி பேராசிரியராக இருபது ஆண்டுகளாவது ஆகும் என்பதால் இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் 2000களின் தொடக்கத்தில் மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள் ஆகிவிட்டனர். அதன் பின்னரும், 2016இல் பிஎம்ஜே இதழில் வந்த ஆய்வின்படி, பெயர்பெற்ற ஆறு பொது மருத்துவ இதழ்களில் 1994இல் 27 விழுக்காடாக இருந்த பெண் முதல் ஆசிரியர்களின் பங்கு 2014இல் 37ஐ எட்டியபோதிலும், 2009க்குப் பிறகு ஏறாமல் தேங்கிவிட்டது. முதல் ஆசிரியர்கள் இளையவர்கள் என்பதால், இந்தத் தேக்கத்துக்குத் தாமதத்தைக் காரணம் காட்ட முடியாது.

கூடிய பங்கு நிலைத்து நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2020இல் ஈலைஃப் இதழில் வந்த ஆய்வு, கோவிட் தொடர்பான கட்டுரைகளில் பெண் முதல் ஆசிரியர்களின் பங்கு, அதே இதழ்களின் 2019ஆம் ஆண்டுக் கட்டுரைகளோடு ஒப்பிட, 19 விழுக்காடு குறைந்திருந்ததாக மதிப்பிட்டது. பள்ளிகளும் குழந்தைக் காப்பகங்களும் மூடப்பட்டிருந்த மாதங்கள் அவை.