1911 பிஸ்டலில் ஹேமர் ஸ்பிரிங்கை மாற்றினால் டிரிகர் இலகுவாகுமா? எத்தனை பவுண்டு வரை இறங்கலாம்?

இலகுவாகும். ஆனால் நினைக்கிற அளவுக்கு ஆகாது. .45 ஏசிபி தோட்டா சுடும் 1911-இல் வழக்கமாக வரும் ஹேமர் ஸ்பிரிங் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியலான ஹேமரை இயக்குவது) 23 பவுண்டு. அதற்குப் பதில் 19 பவுண்டு போட்டால் டிரிகர் இழுவையில் ஏறக்குறைய அரை பவுண்டு குறையும், அவ்வளவுதான். டிரிகர் கரகரவென்று இழுத்தால் அது ஹேமர் கொக்கியும், டிரிகரை இழுக்கும்வரை அதைப் பிடித்து வைத்திருக்கும் சியரின் முனையும் உரசுகிற இடத்துக் கோளாறு. ஸ்பிரிங்கை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. என்னைக் கேட்டால் 19-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். 17 என்பது போட்டிக்கு மட்டும், அதுவும் ஒரே வகைப் பிரைமரையே (தோட்டாவின் அடியில் அடிபட்டு வெடிக்கும் சிறு கிண்ணம்) சுடுபவர்களுக்கு.

ஏன் என்றால், அந்த ஸ்பிரிங் பார்ப்பது ஒரு வேலை அல்ல. பிரைமரை வெடிக்க வைக்கும் அடிக்கு வேண்டிய ஆற்றல் அதிலிருந்துதான் வருகிறது. ஹேமர் கொக்கியைச் சியர்மீது அழுத்தி வைத்திருப்பதும் அதுதான். டிரிகர் இலகுவாவது இந்த அழுத்தம் குறைவதால்தான். மூன்றாவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: சுட்டதும் பின்னால் வரும் ஸ்லைடு (பிஸ்டலின் மேல்பக்கம் நகரும் பாகம்) ஹேமரை மடக்கியாக வேண்டும், அதனால் ஸ்லைடுக்கு இது ஒரு பிரேக்.

இதைக் கையாலேயே உணரலாம். மேகசினைக் கழற்றி, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஹேமர் கீழே இருக்கும்போது ஸ்லைடை ஒருமுறை இழுங்கள். பிறகு ஹேமரை மடக்கிவிட்டு இழுங்கள். முதல் முறை தொடக்கத்தில் இருந்த அந்த முரண்டு இரண்டாம் முறை இருக்காது. அந்த வித்தியாசம் முழுவதும் ஹேமர் ஸ்பிரிங்கின் பங்கு.

ஆகவே ஸ்பிரிங்கைக் குறைத்தால் ஸ்லைடு சீக்கிரம் திறந்து, வேகமாகப் பின்னால் வந்து மோதும். காலி உறைகள் முன்பைவிடத் தள்ளிப் போய் விழுந்தால் அதுதான் அறிகுறி. ஐந்து அங்குலக் குழலுக்கு வழக்கமான ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை மீண்டும் முன்னே தள்ளுவது) 16 பவுண்டு. அதை 18 ஆக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்த வழி, அடிப்பக்கம் சதுரமாக உள்ள ஃபயரிங் பின் ஸ்டாப். பிரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னை ஸ்லைடின் பின்புறம் பிடித்து வைக்கும் தகடு அது. அதன் கீழ் விளிம்பு ஹேமரை அச்சுக்கு அருகே தொடுவதால், அதே ஸ்பிரிங்கை மடக்க ஸ்லைடு கூடுதலாக உழைக்க வேண்டும். 1911-ஐ வடிவமைத்த பிரௌனிங்கின் தொடக்க வடிவமைப்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. கையால் இழுப்பது எளிதாகட்டும் என்றுதான் பின்னாளில் விளிம்பை அதிகம் வளைத்தார்கள்.

இனி முக்கியமான சிக்கல், அடி போதாமல் வெடிக்காத தோட்டா. 'கிளிக்' என்று மட்டும் கேட்டால் குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது விநாடி காத்திருங்கள். பிறகு தோட்டாவை எடுத்துப் பிரைமரைப் பாருங்கள். நல்ல அடி ஆழமான, உருண்டையான குழி. போதாத அடி ஆணி நுனி பட்டதுபோல் மேலோட்டமாக இருக்கும். உடனே ஸ்பிரிங்கைக் குறை சொல்லிவிட வேண்டாம். பிரைமர் உறையின் அடிமட்டத்துக்குமேல் துருத்தி நின்றாலும், ஃபயரிங் பின் ஓடும் துளையில் எண்ணெய்ப் பிசுக்கு கட்டியிருந்தாலும் இதே குறிதான் விழும். பிரைமரிலும் பேதம் உண்டு: ஃபெடரல் மென்மையானது, சிசிஐ கடினமானது. ஃபெடரலில் ஒழுங்காகச் சுடும் 17 பவுண்டு, சிசிஐயில் காலை வாரலாம்.

அடி போதவில்லை என்று ஃபயரிங் பின் ஸ்பிரிங்கை இலகுவாக்குகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஃபயரிங் பின் பிளாக் (பின்னை நகராமல் பூட்டும் பாகம்) இல்லாத 1911-இல், கீழே விழுந்தால் பின் முன்னே பாய்ந்து பிரைமரைக் குத்தாமல் தடுப்பது பெரும்பாலும் அந்தச் சிறு ஸ்பிரிங்தான். ஹேமர் ஸ்பிரிங்கின் சுருளை வெட்டுவதும் கூடாது. நுனியின் தட்டையான உட்காரும் பரப்பு போய்விடும், எவ்வளவு அழுத்தம் மிஞ்சியது என்பதும் தெரியாது. புது ஸ்பிரிங் மலிவு.

மாற்றும்போது ஹேமர் கீழே இருக்கட்டும். ஹவுசிங் பின்னைத் தட்டி எடுத்தால் மெயின்ஸ்பிரிங் ஹவுசிங் (ஹேமர் ஸ்பிரிங் இருக்கும், கைப்பிடியின் பின்பக்கக் கூடு) கீழ்நோக்கி வழுக்கி வரும். அதற்குள் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே இருக்கும். ஹவுசிங்கை வைஸில் பிடித்து, மேல் தொப்பியை உள்ளே அழுத்திக்கொண்டு குறுக்குப் பின்னை எடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள். திரும்பப் பொருத்தும்போது நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: ஹேமரிலிருந்து ஸ்பிரிங்குக்கு வரும் தண்டான ஹேமர் ஸ்ட்ரட்டின் முனை தொப்பியின் குழிக்குள் உட்காராமல் பக்கத்தில் நிற்கும். ஹவுசிங் ஏற மறுத்தால் தட்டாதீர்கள், இறக்கிவிட்டு ஸ்ட்ரட்டைப் பாருங்கள். சியர் ஸ்பிரிங்கின் அடிநாக்கு ஃபிரேமின் பள்ளத்தில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

டபுள் ஆக்‌ஷன் பிஸ்டல்களில் (டிரிகர் இழுவையே ஹேமரையும் மடக்கும் வகை) கணக்கு வேறு. அங்கே முதல் இழுவை முழுக்க ஹேமர் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுவதால், குறைத்த பலன் விரலில் நன்றாகவே தெரியும். பெரெட்டா 92-இல் 20 பவுண்டுக்குப் பதில் 16 பவுண்டு 'டி' ஸ்பிரிங் போடுவது அதனால்தான் இவ்வளவு பரவலாக இருக்கிறது. ஆனால் டபுள் ஆக்‌ஷனில் ஹேமர் முழுத் தூரம் பின்னால் போவதற்குச் சற்று முன்பே விடுபடுகிறது, அடியும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே சோதனையை அந்த முதல் இழுவையிலேயே நடத்துங்கள்: உங்களிடம் இருப்பதிலேயே கடினமான பிரைமரில் குறைந்தது 100 தோட்டா. ஒன்று வெடிக்காவிட்டாலும், பிரைமரும் துளையும் சரி என்று பார்த்தபின், ஒரு படி கனமான ஸ்பிரிங்குக்குத் திரும்புங்கள்.